தீராக் கணக்கு: யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய நெறிகளில் வணிக அறம்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சமண இலக்கியம் பற்றி எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை வேறு வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கிறேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979-இல் பம்பாய்க்கு ரயிலேறி வந்த கடைப் பையன். படித்ததெல்லாம் கடை சாத்திய பிறகு ராத்திரியில் படித்ததுதான். ஆகவே பிற சமய அன்பர்கள் இதில் பிழை கண்டால் பொறுத்துத் திருத்த வேண்டுகிறேன்.

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் வணிகனுக்குச் சொன்னவை ஏராளம். வட்டி, கூலி, பங்காளி வியாபாரம், கலப்படம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகமே போடலாம். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. வியாபாரத்தில் ஒருவரை ஏமாற்றிவிட்டோம். பிறகு மனம் வருந்துகிறோம். ஏமாந்தவர் யார், எங்கே என்றே தெரியவில்லை. அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெல்லிக்காய் அளவு புளி

நான் வேலைக்குச் சேர்ந்தது பரேல் பக்கம் ஒரு மளிகைக் கடையில். சுற்றிலும் பஞ்சாலைகள். அரிசி, பருப்பு வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். சேர்ந்த முதல் மாதமே முதலாளி தொழில் கற்றுக்கொடுத்தார். சரக்குத் தட்டின் அடியில் நெல்லிக்காய் அளவு புளியை ஒட்டிவிட வேண்டும். கிலோவுக்கு முப்பது கிராம் குறையும். அதற்கு மேல் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது என்பது பாடம். எனக்கு அப்போது பதினெட்டு வயசு. மாட்டேன் என்று சொல்லவில்லை. கை பழகிவிட்டது.

கணக்குப் பார்த்தால் நாளைக்கு 200 கிலோ அரிசி போனால் 6 கிலோ மிச்சம். மாதம் 26 நாள் வைத்தாலும் 156 கிலோ. ஒரு வீட்டுக்கு முப்பது கிராம் என்பது ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனால் அத்தனை வீட்டையும் சேர்த்தால் மூட்டைக் கணக்கு.

1982 ஜனவரி 18-இல் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம். அது முறையாக முடியவே இல்லை என்று சொல்வார்கள். பல மில்கள் மறுபடி முழுசாக ஓடவே இல்லை. சாமான்களை விற்றுக் குடும்பம் குடும்பமாக ரத்னகிரிக்கும் சாத்தாராவுக்கும் ஊர் திரும்பினார்கள். எங்கள் வாடிக்கைக்காரர்கள் போன இடம் தெரியவில்லை. நான் எடை குறைத்துக் கொடுத்தவர்களில் பத்துப் பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சமண இல்லறத்தார்க்கு உரிய கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது மீறல்கள், தத்துவார்த்த சூத்திரத்தில் சொல்லப்பட்டுள்ளன. குறைந்த எடையும் கூடுதல் எடையும் வைத்துக்கொள்வது அதில் ஒன்று; போலிச் சரக்கை நல்லதென்று விற்பது இன்னொன்று. சின்ன வயசில் மனப்பாடம் செய்த பாடம்தான். குற்றம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது இந்த மூன்று நெறிகளும் இதே இடத்தில் நின்று நெடுநாள் யோசித்திருப்பதைக் கண்டேன்.

யூத நெறி: கடைக்காரனுக்கு ஏன் கடும் தண்டனை?

யூதர்கள் என்றதும் எங்கோ தூரத்து மக்கள் என்று நினைக்க வேண்டாம். நாம் வாழும் இந்தக் கொங்கணக் கரையிலேயே பெனே இஸ்ரேல் என்னும் யூதர்கள் பல நூற்றாண்டு காலம் எண்ணெய் செக்கு ஓட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள். அதனால் மராட்டியர் அவர்களுக்கு ‘ஷன்வார் தேலி’, சனிக்கிழமை வாணியர், என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய வேதமான தோராவில், நாம் பைபிள் என்று அறியும் தொகுப்பின் லேவியராகமத்திலும் உபாகமத்திலும், படிக்கல்லும் படியும் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. உபாகமம் ஒரு படி மேலே போய், பையில் பெரிய கல் ஒன்று, சின்னக் கல் ஒன்று என இரண்டு விதம் வைத்திருப்பதையே தடுக்கிறது. பயன்படுத்தினால்தான் குற்றம் என்பதில்லை, வைத்திருந்தாலே குற்றம். பின்னால் வந்த தல்மூத் அறிஞர்கள், அளவு தவறிய படியை வீட்டில் சிறுநீர்ப் பாத்திரமாகக்கூட வைத்துக்கொள்ளாதே என்றார்கள். இன்றைக்கு அது பாத்திரம். நாளைக்கு அவசரத்தில் அதுவே படியாகிவிடும் அல்லவா!

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்ட நூலைப் படித்தால், எழுதியவர்கள் கடைத்தெருவில் நடமாடியவர்கள் என்பது தெரிந்துவிடும். கடைக்காரன் தன் முகத்தல் அளவைகளை வாரம் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும், எடைக்கற்களை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், தராசை ஒவ்வொரு நிறுவைக்குப் பிறகும் துடைக்க வேண்டும் என்கிறது. பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுபோகும் எண்ணெய்கூட வாங்கினவனுடையது என்பது கருத்து. எடைக்கல்லை ஈயத்திலும் மற்ற உலோகத்திலும் செய்யாதே, தேய்ந்துபோகும், கல்லிலோ கண்ணாடியிலோ செய் என்கிறது தல்மூத்.

விலையிலும் ஒரு வரம்பு வைத்தார்கள். சந்தை விலையைவிட ஆறில் ஒரு பங்கு கூட்டி விற்றால், ஏமாந்தவன் கேட்டு வரலாம். இதில் ஒரு சுவையான செய்தி மிஷ்னாவிலேயே உண்டு. லோத் என்னும் ஊரில் ரபீ தர்ஃபோன் என்ற அறிஞர், ஆறில் ஒன்று வேண்டாம், மூன்றில் ஒன்று வரை போகலாம் என்று தீர்ப்பளித்தார். வணிகர்களுக்கு ஒரே சந்தோஷம். கூடவே அவர் இன்னொன்றையும் சொன்னார்: வாங்கியவன் அன்று நாள் முழுதும் சரக்கைத் திருப்பிக் கொண்டுவரலாம். அவ்வளவுதான், பழைய சட்டமே போதும் சாமி என்று வணிகர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷம் ஆகியும் நம் சாதி, வியாபாரி சாதி, அப்படியேதான் இருக்கிறது!

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தல்மூதில் ரபீ லேவி என்பவர், பொய்யளவைக்கு உரிய தண்டனை தகாத உறவுக்கு உரிய தண்டனையைவிடக் கடுமையானது என்கிறார். எனக்கு முதலில் இது மிகையாகப் பட்டது. காரணத்தைப் படித்தபோது கை நடுங்கியது. மற்றப் பாவத்துக்குக் கழுவாய் உண்டு. அளவில் ஏமாற்றியவனுக்கு இல்லை. யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பான்? எடுத்தது யாருடையது என்று அவனுக்கே தெரியாதே!

யூதர்களின் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர் என்னும் பாவக்கழுவாய் நாள். அன்று முழுப் பட்டினி இருந்து மன்னிப்பு வேண்டுவார்கள். ஆனால் அந்த நாள் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள குற்றத்தைத்தான் கழுவும், சக மனிதனுக்குச் செய்த குற்றத்தை அவனைச் சமாதானம் செய்யாமல் கழுவாது என்று மிஷ்னா முடிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் ஆள் தெரியாதவன் கதி? வரி வசூலிப்பவர்கள் போன்றோருக்குத் தல்மூத் ஒரு வழி சொல்கிறது. தெரிந்தவர்களுக்கெல்லாம் முதலில் திருப்பிக் கொடு. தெரியாதவர்களுக்காக ஊர்ப் பொதுத் தேவைக்குச் செலவிடு. கிணறு, நீர்க்குழி, நீர்த்தொட்டி என்று ஓர் அறிஞர் விளக்கம் தருகிறார். ஏமாந்தவன் என்றாவது அந்தப் பக்கம் வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பான் என்ற எண்ணம் போலும்.

கிறிஸ்தவ நெறி: கோயில் கட்டினால் போதுமா?

லூக்கா நற்செய்தியில் எரிகோ ஊரின் வரி வசூல் தலைவன் சகேயு வருகிறான். குள்ளமானவன், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவன் என்று நம் பிள்ளைகள் கான்வென்ட்டில் படித்திருப்பார்கள். மரம் ஏறியது மட்டும் நினைவிருக்கும். அவன் கொடுத்த வாக்கு இரண்டு பகுதி கொண்டது. தன் சொத்தில் பாதி ஏழைகளுக்கு. யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் அவருக்கு நாலு மடங்கு. தர்மம் வேறு, திருப்பிக் கொடுப்பது வேறு. இரண்டையும் அவன் ஒன்றாகக் குழப்பவில்லை.

நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த புனித அகுஸ்தீன் (354–430) ஒரு கடிதத்தில் இதைக் கறாராக எழுதினார். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனின் வருத்தம் வெறும் நடிப்பு, அவன் பாவம் மன்னிக்கப்படாது என்பது அவர் கருத்து. அந்தக் கருத்து பின்னர் திருச்சபைச் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

அந்தக் காலத் திருச்சபை வட்டி வாங்குவதையே திருட்டாகக் கருதியது. அதனால் இந்தச் சட்டம் ஐரோப்பாவின் லேவாதேவிக்காரர்கள் மீதுதான் அதிகம் பாய்ந்தது. பகிரங்கமாக வட்டித் தொழில் செய்பவனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்று 1179-இல் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அல்லது அதற்குப் பிணை கொடுத்தால் மட்டுமே அடக்கம் என்று 1274-இல் லியோன் சங்கம் இறுக்கியது.

சட்டம் இறுகினால் பணக்காரனுக்கு ஒரு வழி வேண்டுமே. கோயில் கட்டத் தொடங்கினார்கள். இத்தாலியில் பதுவா நகரில், 1305-இல் அர்ச்சிக்கப்பட்டு, ஜோத்தோவின் ஓவியங்களால் உலகப் புகழ் பெற்ற ஸ்க்ரொவேஞி சிற்றாலயம் இருக்கிறது. அதைக் கட்டியவரின் தந்தை பெரும் வட்டிக்காரர்; கவிஞர் தாந்தே அவரைத் தம் காவியத்தில் நரகத்திலேயே உட்கார வைத்துவிட்டார். தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாகவே மகன் கட்டினார் என்று பலர் கருதுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையை ஹைஸ்டர்பாக் மடத்துத் துறவி சீசாரியுஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். பாரிஸில் தியோபால்டு என்று ஒரு பெரிய வட்டிக்காரன். மனம் திருந்தி ஆயர் மொரீஸிடம் போனான். ஆயர் அப்போது நோத்ருதாம் பேராலயம் கட்டும் வேலையில் மும்முரமாக இருந்தார். பணத்தை ஆலயத் திருப்பணிக்குக் கொடுத்துவிடு என்றார். தியோபால்டுக்கு மனம் ஒப்பவில்லை. பீட்டர் என்னும் இறையியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டான். அவரோ, அது சரியான யோசனை அல்ல என்றார். ஊர் முழுக்கத் தண்டோரா போடச் சொல், உன்னிடம் இழந்தவர்கள் எல்லாம் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அப்படியே தண்டோரா போட்டான். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். கொடுத்தும் மீதம் இருந்தது. இப்போது நீ தர்மம் செய்யலாம் என்றார் பீட்டர்.

இந்த வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். தாமஸ் அக்வினாஸ் (1225–1274) இதையே சாஸ்திரமாக வகுத்தார். யாரிடம் எடுத்தாயோ அவரிடமே கொடுக்க வேண்டும். நன்றாகத் தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் மட்டும், அவருடைய நன்மைக்காக என்று நினைத்து ஏழைகளுக்குக் கொடு. நன்றாகத் தேடியும் என்ற சொல்லைக் கவனியுங்கள். தேடாமலே தர்மம் செய்வதற்கு அவர் இடம் தரவில்லை.

இஸ்லாமிய நெறி: யார் திவாலானவன்?

குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே ‘முதஃப்பிஃபீன்’, அளவில் குறைப்பவர்கள். வாங்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்றுதான் தொடங்குகிறது. நபிகள் நாயகம் வந்த காலத்தில் மதீனாவாசிகள் அளவில் மோசமானவர்களாக இருந்தார்கள், இந்த வசனம் வந்த பிறகு திருந்தினார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. நபிகள் நாயகமே வணிகராக இருந்தவர். ஒருமுறை தானியக் குவியல் ஒன்றைக் கடந்து போகையில் உள்ளே கையை விட்டுப் பார்த்தார், அடியில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றான் விற்பவன். ஈரத்தை மேலே வைத்து ஜனங்கள் பார்க்க விற்றிருக்கலாமே என்று கேட்டார். மூட்டை வியாபாரம் செய்தவர்களுக்கு இது எவ்வளவு சரியான இடத்தில் வைத்த கை என்பது புரியும்.

பின்னர் இஸ்லாமிய நகரங்களில் ‘முஹ்தசிப்’ என்னும் கடைத்தெரு அதிகாரி எடைகளைச் சோதித்தார். எகிப்தில் எட்டாம் நூற்றாண்டிலேயே ஆட்சியாளர் பெயர் பொறித்த கண்ணாடி எடைகள் வழங்கின. இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். கண்ணாடியை ஓரத்தில் சுரண்டினால் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் கேள்விக்கு இஸ்லாம் ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறது: ‘ஹுகூகுல் இபாத்’, அடியார்களுக்கு உரிய கடமைகள். இறைவனுக்குச் செய்யத் தவறியதை இறைவன் மன்னிக்கலாம். அடியானுக்குச் செய்த தீங்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். இதை விளக்கும் நபிமொழி ஒன்று. திவாலானவன் யார் என்று நபிகள் தோழர்களிடம் கேட்டார். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள். இல்லை என்றார். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமை நாளில் ஒருவன் வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன் பொருளை எடுத்திருப்பான். அவனுடைய நன்மைகளை எடுத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கு போடுவார்கள். நன்மை தீர்ந்து போனால் அவர்கள் பாவத்தை இவன் தலையில் வைப்பார்கள். அவனே திவாலானவன். மஞ்சள் கடுதாசி கொடுப்பதுதான் திவால் என்று நினைக்கும் நமக்கு இது வேறு கணக்கு.

ஆள் தெரியாவிட்டால்? இதற்கு இமாம் அபூ ஹனீஃபாவின் (699–767) வரலாற்றில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவார்கள். சட்ட மேதையான அவர் கூஃபா நகரில் பட்டுத் துணி வியாபாரி. பழுதுள்ள துணியைப் பங்காளி ஹஃப்ஸிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி சொல்லியிருந்தார். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் அபூ ஹனீஃபா தர்மமாகக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையை நான் முதலில் படிக்கவில்லை, கேட்டேன். எங்கள் எதிர்க்கடை பாய் சொன்னது. நான் அப்போது தனிக்கடை போட்டு நன்றாக இருந்தேன். தெருமுனையில் என் செலவில் குடிநீர்த் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். எதற்காக என்று அவரிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். அவர் அபூ ஹனீஃபா கதையைச் சொல்லிவிட்டு, “நல்ல காரியம்தான் நயினாரே. ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குடுக்க வேண்டிய ஆளுல ஒருத்தர்கூடவா உங்களுக்குத் தெரியாது? ஆளு இருக்கும்போது தர்மம் குடுத்தா அந்தக் கடன் தீராது” என்றார்.

மூன்றும் சேரும் இடம்

இந்த மூன்று நெறிகளும் பல விஷயங்களில் மோதிக்கொண்டவை. வட்டியைப் பற்றியே மூன்றும் மூன்று விதமாகச் சட்டம் செய்தன. ஆனால் இந்த ஒரு கேள்வியில் வார்த்தை வேறு, விடை ஒன்று. ஏமாற்றியது கடவுளோடு மட்டும் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் அல்ல. முதலில் ஆளைத் தேடு. கிடைத்தால் கையில் கொடு. கிடைக்காவிட்டால் மட்டும் ஊருக்குச் செய். அந்தச் செலவு நம் தர்மக் கணக்கில் வராது, கடன் கணக்கில்தான் வரும். அதற்குக் கல்வெட்டும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.

வணிக அறத்தின் அடிப்படை தர்ம குணம் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். இவற்றைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. நேரான கணக்குதான் அடிப்படை; தர்மம் அதற்குப் பிறகு வருவது. நாங்கள் க்ஷமாவணி நாளில் ஆண்டுதோறும் எல்லா உயிரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறோம். எல்லா உயிரிடமும் கேட்பது சுலபம். ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதுதான் கஷ்டம் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

பாய் கேட்டது உண்மைதான். ஒருவரை எனக்குத் தெரியும். மில் தொழிலாளியின் மனைவி. வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் ஊர் போகாமல் அதே சாலில் இருந்தார். பல வருஷம் அந்தத் தெருவையே தவிர்த்து வந்தேன். கடைசியில் போனேன். கிட்டத்தட்ட மூன்று வருஷத்து அரிசிக் கணக்கைப் போட்டு, நாலு மடங்கு சேர்த்து, உறையில் வைத்துக் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் அழவுமில்லை, திட்டவுமில்லை. அப்பவே தெரியும், வேறு கடையில் இன்னும் அதிகமாகக் குறைப்பார்கள், அதனால்தான் உங்களிடம் வந்தோம் என்று மராட்டியில் சொன்னார். உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். சரி என்று உள்ளே வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யாருக்கும் தெரியாது என்று முதலாளி சொன்ன முப்பது கிராம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இதை நினைக்காத நாள் இல்லை. மற்றவர்களுக்காகத் தண்ணீர்த் தொட்டி இன்றும் இருக்கிறது. அதில் என் பெயர் இல்லை.

நம் பிள்ளைகள் இன்று மின்னணுத் தராசில் நிறுக்கிறார்கள், கம்ப்யூட்டரில் பில் போடுகிறார்கள். புளிக்கு அங்கே இடமில்லை. ஆனால் வாங்குபவன் முகம் தெரியாத வியாபாரம் அன்றைவிட இன்றைக்கு ஆயிரம் மடங்கு பெருகியிருக்கிறது. அவர்களில் யாராவது ஒருவர், கணக்கில் ஒரு சிறு தொகை தவறாகத் தம் பக்கம் வந்திருப்பதைப் பார்த்து, அது யாருடையது என்று தேடப் புறப்பட்டால் இந்தக் கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிடைத்ததாகும்.